நானூத்திப் பன்னெண்டு நீங்கலாக

ஜன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்குக் காத்து ஆகாது. அருப்புக்கோட்டைதானே? நானும் அங்கதான். கொஞ்சம் மெதுவாப் பேசுறேன், தப்பா நெனச்சுக்கிடாதீக. முன்னாடி, டிரைவருக்குப் பின்னால பச்சைச் சேலை கட்டிக்கிட்டு ஒரு பிள்ளை உக்காந்திருக்கு பாருங்க, அது எம் மக அனுசுயா. ஒரே வீட்ல இருந்து ஒண்ணாத்தான் கிளம்பி வந்தோம். ஆனா டிக்கெட்டை அவ தனியா எடுத்துக்கிட்டா. நான் கண்டக்டர்கிட்ட ரெண்டுன்னு விரலைக் காட்டுறேன், "அந்தம்மா எடுத்துட்டாங்க பெரியவரே, உங்களுக்கு மட்டும் குடுங்க"ங்கிறான். பின்னால இருந்தவுக எல்லாம் என்னையப் பாத்தாக. எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. அதான் அங்க இருந்து எந்திரிச்சு இங்க வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன்.

எம் மேல கோவம். பேசி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. சோறு வேணுமான்னு கூட அவ அம்மாகிட்டச் சொல்லித்தான் கேக்கச் சொல்றா. என்ன கொலை பண்ணிட்டேன்? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. நீங்க யாரோ நான் யாரோ, இறங்கிப் போயிட்டா முகத்தைப் பாக்கப் போறதில்ல. தெரிஞ்ச ஆளுககிட்ட இதைப் பேச முடியாது.

எம் பேரு தனுஷ்கோடி. விருதுநகர்ல மண்டியில கணக்கெழுதிட்டிருந்தேன். மண்டியை மூடிட்டாக. எங்க ஆளுக சங்கத்துச் செயலாளர் குருவையாதான் கூப்பிட்டு, திருமணத் தகவல் மையத்தைப் பாத்துக்கோன்னு உக்கார வச்சாரு. அங்க ஒரு கம்ப்யூட்டர். தொட்டா ஷாக் அடிக்கும்னு நெனச்சவன் நான். எம் மகதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து, பக்கத்துல உக்காந்து, டேட்டாபேஸ்னா என்னன்னு சொல்லிக்குடுத்தா. அப்ப அவ ஒரு ஆஸ்பத்திரி லேப்ல இருந்தா. ரத்தம் டெஸ்ட் பண்ணி ரிசல்ட்டை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி. பதிவு எண், பேரு, வயசு, நட்சத்திரம், படிப்பு, உத்தியோகம். இன்ன மாதிரி வேணும்னு கேட்டா அந்த மாதிரி இருக்கிற பிள்ளைகளை மட்டும் அதுவே பொறுக்கிக் குடுக்கும்.

அப்பவே சொன்னா. "அப்பா, வயசை எழுதி வைக்காதீக. பிறந்த தேதியைப் போட்டு வச்சா அதுவே கணக்குப் பாத்துக்கிடும்." நான்தான் கேக்கல. பிறந்த தேதியை எவன் அண்ணாச்சி ஒழுங்காக் குடுக்கான்? ஸ்கூல்ல ஒரு தேதி, ஜாதகத்துல ஒரு தேதி. வயசு என்னன்னு கேப்பேன், வாயில என்ன சொல்றாகளோ அதைப் போட்டுருவேன். ஆனா அதுல ஒரு சிக்கல். மூணு வருஷம் முன்னாடி இருபத்தஞ்சுன்னு பதிஞ்ச பிள்ளை இன்னைக்கும் இருபத்தஞ்சுன்னே நிக்கும். ஒவ்வொரு வரியாத் திருத்த ஆயுசு பத்தாது. அதுக்குத்தான் மேக்ரோ எழுதுனேன்.

மேக்ரோன்னா ஒண்ணுமில்ல. நாம கையால செய்யிற வேலையை வரிசையாச் சொல்லி வச்சுட்டா, ஒரு பட்டனை அமுக்கினதும் அதுவே செஞ்சு முடிச்சிரும். எல்லாருடைய வயசோடயும் ஒண்ணைக் கூட்டு. அவ்வளவுதான் நான் சொல்லி வச்சது. எங்க சங்கத்துல சித்திரைக்குத்தான் வரன் புத்தகம் அச்சடிப்போம். அதனால சித்திரை ஒண்ணாந்தேதி அன்னைக்கு எங்க ஆளுக பிள்ளைக அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல ஒரு வயசு கூடும். ஆடியில பிறந்தவனுக்கும் அன்னைக்குத்தான், தையில பிறந்தவளுக்கும் அன்னைக்குத்தான். மொத வருஷம் குருவையா மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வச்சாரு. நான் பட்டனை அமுக்கினேன். கூடியிருந்தவுக கை தட்டினாக. எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சுங்கிறீக!

அமுக்கினா அது ஒரு கேள்வி கேக்கும். இத்தனை பேருக்கு மாத்தப் போறேன், மாத்தினா திரும்ப எடுக்க முடியாது, சம்மதமான்னு. அது எனக்குப் பிடிக்கல. சொன்ன வேலையைச் செய்யாம என்ன கேள்வி? அந்தக் கேள்வியே வராம பண்ணுறதுக்கும் மேக்ரோவுல ஒரு வரி இருக்கு. அதையும் போட்டுட்டேன். "அதை எடுக்காதீகப்பா, கேக்கட்டும்"னு அனு சொன்னா. அவளுக்கு எல்லாத்துலயும் பயம்னு நெனச்சேன்.

பங்குனி பிறந்துட்டாப் போதும், எங்க ஆபீஸ் வாசல்ல செருப்பா கிடக்கும். "அண்ணே, எம் பிள்ளைக்கு இந்த வருஷம் மட்டும் கூட்டாம விட்டுருங்க"ன்னு. ஏன்னா, பொண்ணு தேடி வர்றவுக மொத வார்த்தையே "முப்பதுக்குள்ள இருக்கிற பிள்ளைகளா எடுத்துக் குடுங்க"ன்னுதான். பையனுக்கு முப்பத்தெட்டு ஆயிருக்கும், முன்மண்டையில முடி இருக்காது, ஆனா பொண்ணு மட்டும் முப்பதுக்குள்ள வேணும். முப்பது ஆயிட்டா அந்தப் பிள்ளை பேரு அவுக கைக்குப் போற காயிதத்துல வராது. டெய்லர் நல்லமுத்து சம்சாரம், புருசன் இல்லாத பொம்பளை, என் மேசைக்கு முன்னால நின்னு அழுதுச்சு. "இருபத்தொம்பதுலயே வச்சிருங்கண்ணே, கையெடுத்துக் கும்பிடுறேன்"னு. நான் அசையலையே. "தாயி, சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். உனக்குன்னு ஒண்ணு, ஊருக்குன்னு ஒண்ணு என்னால செய்ய முடியாது"ன்னுட்டேன். சங்கத்துல அந்தப் பேச்சையே ஒரு மாசம் பேசினாக. தனுஷ்கோடி நேர்மையான ஆளுன்னு.

வேர்க்கடலை எடுத்துக்கோங்க. பரவாயில்ல, எடுத்துக்கோங்க.

அப்ப எம் மகளுக்கு இருபத்தொம்பது. சித்திரை வருது. வீட்ல எங்க வீட்டுக்காரி சீதா தூங்காம உக்காந்திருக்கா. நான் அன்னைக்கு விடியக்காலமே ஆபீசுக்குப் போனேன். மேக்ரோ எழுதினவன் நான்தானே, அதுக்கு எங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? பதிவு எண் நானூத்திப் பன்னெண்டு நீங்கலாகன்னு ஒரு நிபந்தனை சேர்த்தேன். அவ்வளவுதான். சின்ன வரி. யாரு வயசையும் நான் அழிக்கல, குறைக்கல. கூட்டாம விட்டேன், அம்புட்டுத்தான். கூட்டாம விடுறது பொய்யா? நீங்களே சொல்லுங்க.

ஒரு வருஷத்துக்குத்தான்னு நெனச்சேன். அதுக்குள்ள முடிஞ்சிரும்னு நெனச்சேன். அடுத்த சித்திரைக்கு நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி, சத்தியமா. பட்டனை அமுக்கினேன், மேக்ரோவே அவளை விட்டுட்டு மத்தவுகளுக்குக் கூட்டிருச்சு. அதுக்கு அடுத்த வருஷமும் அப்படித்தான். ஒரு தடவை சொன்னதை அது மறக்காது. இப்ப எம் மகளுக்கு முப்பத்தஞ்சு. சங்கத்துக் கம்ப்யூட்டர்ல இன்னும் இருபத்தொம்பது.

ஜாதகத்துல தெரியாதான்னு கேக்குறீகளா? தெரியும். ஆனா ஜாதகம் கடைசியிலதானே போகும். மொதல்ல காயிதத்துல பேரு வரணும், அவுக வீட்டுக்கு வரணும், பிள்ளையைப் பாக்கணும், பிடிக்கணும். பிடிச்சதுக்கப்புறம் ஜாதகத்துல தமிழ் வருஷத்துப் பேரைப் பாத்து எவன் விரலை மடக்கி எண்ணப்போறான்னு நெனச்சேன். ஜோசியருக எண்ணிட்டாக. அவுகளுக்கு அதுதானே பொழப்பு.

மொத வந்தது சிவகாசிக்காரங்க. பிள்ளையைப் பாத்தாக, சிரிச்சுப் பேசினாக, ஜாதகம் வாங்கிட்டுப் போனாக. மூணாம் நாள் போன். "என்ன தனுஷ்கோடி, ஜோசியர் வேற வயசு சொல்றாரே? இது நல்லா இல்லையே"ன்னு. எனக்குக் காது ரெண்டும் சுட்டுப் போச்சு. போனை வச்சுட்டுத் திரும்புறேன், அம்மாவும் மகளும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாக. என்னத்தைச் சொல்ல? "வேலைக்குப் போற பொண்ணு வேண்டாமாம்"னு சொல்லிட்டேன். வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அனு அடுத்த மாசம் லேப் வேலையை விட்டுட்டா. நான் விடச் சொல்லல. இதைக் கவனிக்கணும் நீங்க. விடுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல.

அப்புறம் சத்திரப்பட்டியில இருந்து ஒரு வரன். பையன் வாத்தியார். அதுவும் முடியல. அவுக விஷயத்துல பல்லுன்னு சொன்னேன். முன்பல்லு லேசா எடுப்பா இருக்குங்கிறாகன்னு. அவளுக்குச் சின்னதுல இருந்து அப்படித்தான், அவ சிரிச்சா எனக்கு எங்க ஆத்தா ஞாபகம் வரும். ஏன் அதைச் சொன்னேன்னு தெரியல. மறுநாளே பல் டாக்டரைப் பாக்கணும்னுட்டா. முப்பத்திரெண்டு வயசுல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி வாய் நெறையக் கம்பி. சோத்தைக் கரைச்சுத்தான் குடிப்பா. மாசாமாசம் மதுரைக்கு நான்தான் லீவு போட்டுட்டுக் கூட்டிட்டுப் போவேன். கம்பியை முறுக்கும்போது கண்ணுல தண்ணியாக் கொட்டும். வெளிய பெஞ்சுல அவ பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எந்த அப்பன் செய்வான் இந்தக் காலத்துல?

அதுக்கப்புறம் வந்தவுகளும் அப்படித்தான். ஒருத்தருக்கு நிறம்னு சொன்னேன், ஒருத்தருக்கு உசரம்னு சொன்னேன். எனக்கும் சொல்றதுக்குக் காரணம் தீந்து போச்சு.

பாலவநத்தம் வந்திருச்சா? இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. சுருக்கச் சொல்லிர்றேன்.

இந்த வருஷம் அருப்புக்கோட்டைக்காரர் வந்தாரு. திருமேனின்னு பேரு, எங்க சங்கத்துக் கமிட்டியில இருக்கிறவரு. மகன் மோகன்தாஸ், தராசு ரிப்பேர்க் கடை வச்சிருக்கான். எலக்ட்ரானிக் தராசு எல்லாம் பாப்பான், நல்ல ஓட்டம். பிள்ளைக ரெண்டு பேரும் தனியாப் பேசட்டும்னு மொட்டைமாடிக்கு அனுப்பினோம். ரொம்ப நேரம் பேசினாக. சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. எம் மக அப்படிச் சிரிச்சுக் கேட்டு வருஷமாச்சு. சீதா கையில இருந்த காப்பித் தட்டோட அப்படியே நின்னுட்டா.

கீழ இறங்கி வந்தான் அந்தப் பையன். வெள்ளந்தியா, எல்லாருக்கும் முன்னால சொல்றான். "எங்களுக்குச் சரிப்பா. அவுகளுக்கு முப்பத்தஞ்சாம், எனக்கு முப்பத்தேழு, பொருத்தமாத்தான் இருக்கு." அவ சொல்லியிருக்கா. கேட்டிருக்கான், உள்ளதைச் சொல்லியிருக்கா. காயிதத்துல என்ன போட்டிருக்குன்னு அவளுக்கு எங்க தெரியும்? நான் காட்டினதே இல்லையே.

திருமேனி சட்டைப் பையில இருந்த காயிதத்தை எடுத்து விரிச்சாரு. பாத்தாரு. என்னையப் பாத்தாரு. திரும்பக் காயிதத்தைப் பாத்தாரு. அனுவும் எட்டிப் பாத்தா.

நான் சொன்னேன், "மேக்ரோ பிசகிருச்சு அண்ணாச்சி"ன்னு.

வேற என்ன சொல்லுவேன்? மேக்ரோ எந்திரிச்சு வந்து நான் இல்லைன்னா சொல்லப்போகுது? அத்தோட போயிருக்கும். ஆனா அந்த மனுசன் கமிட்டிக்காரரு. "அப்படின்னா மத்த பிள்ளைக வயசும் பிசகியிருக்குமே, புத்தகம் பூராத் தப்பாயிருக்குமே"ன்னு நேரா குருவையாகிட்டப் போயிட்டாரு. குருவையா என்ன செஞ்சாரு தெரியுமா? எம் மகளையே கூப்பிட்டு விட்டாரு. "உங்கப்பனுக்குச் சொல்லிக்குடுத்தவ நீதானம்மா, எங்க பிசகுன்னு பாத்துச் சொல்லு"ன்னு.

ஞாயித்துக்கிழமை. ஆபீஸ்ல நாங்க மூணு பேர்தான். அவ என் நாற்காலியில உக்காந்தா. குருவையா தோளுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாக்குறாரு. நான் பீரோகிட்ட நிக்கிறேன். அவளுக்கு அதைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? திறந்தா. ஒவ்வொரு வரியா வந்தா. நானூத்திப் பன்னெண்டு நீங்கலாக. அந்த எடத்துல வந்ததும் கை நின்னுருச்சு. அது யாரு நம்பர்னு அவளுக்குத் தெரியாதா? அவ பேரைப் பதியும்போது டைப் அடிச்சதே அவதான்.

"என்னம்மா, தெரியுதா?"ன்னு குருவையா கேக்குறாரு. அவருக்கு அதுல ஒரு எழுத்தும் புரியாது.

அவ திரும்பல. ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே சொன்னா. "மேக்ரோலதான் சார் பிசகு. ஒரே ஒரு பதிவு மட்டும் விட்டுப் போயிருக்கு. அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்காது. மத்ததெல்லாம் சரியா இருக்கு." சொல்லிட்டு அந்த வரியை அழிச்சா. அவ வயசு இருக்கிற எடத்துக்குப் போயி, இருபத்தொம்பதை எடுத்துட்டு முப்பத்தஞ்சுன்னு அவ கையால அடிச்சா.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. மறைக்காமச் சொல்றேன், மொதல்ல அப்பாடான்னுதான் இருந்துச்சு. தப்பிச்சோம்டா சாமின்னு. குருவையா எம் முதுகைத் தட்டி, "பிள்ளையை நல்லா வளத்திருக்கப்பா"ன்னாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. எம் மக பொய் சொல்லி நான் பாத்ததில்ல. நான்தான் சொல்ல வச்சுட்டேன். பீரோக் கதவு இடுக்குல போயி நிக்கலாமான்னு இருந்துச்சு எனக்கு.

வீட்டுக்கு நடந்து வந்தோம். அவ முன்னால, நான் பின்னால. தெப்பக்குளத்துக்கிட்ட பூக்கடைப் பக்கம் நின்னா. ஜனங்க போய் வந்துக்கிட்டிருக்காக.

"சிவகாசிக்காரங்க நான் வேலைக்குப் போறதுக்காக வேண்டாம்னு சொல்லலையாப்பா?"

நான் பேசல.

"அப்ப பல்லு?"

பூக்கடைக்காரி வேற, "மல்லி வேணுமா"ன்னு எம் மூஞ்சிக்கு நேரா நீட்டுறா.

"எங்கிட்டத்தான் ஏதோ குறைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்ப்பா. கண்ணாடியைப் பாக்கவே பிடிக்காது எனக்கு. நீங்க பாத்துக்கிட்டேதான இருந்தீக?"

அதுதான் அவ கடைசியா எங்கிட்டப் பேசினது. கத்தியிருந்தாக் கூடப் பரவாயில்ல, நானும் கத்தியிருப்பேன். பெத்தவன் பிள்ளைக்காகச் செஞ்சதுன்னு சொல்லியிருப்பேன். அவ சாதாரணமா, விலை கேக்கிற மாதிரிக் கேட்டா.

இதுக்கு நடுவுல அருப்புக்கோட்டையில இருந்து ஆளு வருது. பையனுக்குப் பிடிச்சிருக்கு, வயசு ஒரு விஷயமே இல்ல, நாள் பாக்கலாமான்னு. சீதா சந்தோசத்துல சாமி படத்துக்கு முன்னால விழுந்து கும்பிடுறா. எம் மக என்ன சொல்றா தெரியுமா, நான் அங்கனயே உக்காந்திருக்கேன், அம்மாவைப் பாத்துச் சொல்றா. "அப்பா அவுக வீட்டுக்குப் போயி, மேக்ரோ இல்ல, நான்தான் செஞ்சேன்னு சொல்லட்டும். அதுக்கப்புறம் நான் சம்மதம் சொல்றேன். சொல்லாட்டி இந்தக் கல்யாணம் வேண்டாம். அந்தப் பையன்கிட்ட நான் பொய்யோட போக மாட்டேன்." பாத்தீகளா பிடிவாதத்தை? அவுக ஒண்ணும் கேக்கல. மேக்ரோன்னு நம்பிட்டாக. முடிஞ்சு போன கதையை நான் போயித் தோண்டணுமாம். சம்பந்தின்னு உக்கார வேண்டியவன், வாசல்ல குத்தவாளி மாதிரிப் போயி நிக்கணுமாம்.

சரின்னு முந்தாநாள் கிளம்பினேன். வேட்டி சட்டை எல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு. பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயைக் குடிச்சேன். அருப்புக்கோட்டை பஸ் ஒண்ணு போச்சு. சரி அடுத்ததுல போவோம்னு இன்னொரு டீ. அடுத்ததும் போச்சு. வீட்டுக்குத் திரும்பி வந்து, திருமேனி ஊர்ல இல்லைன்னு சொன்னேன். அனு போனை எடுத்து அவளே அந்தப் பையனுக்குப் போட்டா. "ஐயா வீட்லதான் இருக்காகளா?"ன்னு கேட்டா. இருக்காகன்னு பதில் வந்திருக்கு. என்னைய ஒரு பார்வை பாத்தா பாருங்க. அதனாலதான் இன்னைக்குக் கூடவே வர்றா. கைதியைக் கூட்டிட்டுப் போற மாதிரி.

நான் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு வச்சிருக்கேன். நீங்கதான் திருமேனின்னு வச்சுக்கோங்க. "அண்ணாச்சி, அன்னைக்கு மேக்ரோன்னு சொன்னேன்ல, அதுல ஒரு சின்ன விஷயம். மேக்ரோவுல ஒரு வரி கூடுதலா இருந்திருக்கு." ஏன் தலையை ஆட்டுறீக? சரி, வேற மாதிரி. "பெத்த பாசத்துல ஒரு தவறு நடந்து போச்சு." இதுவும் வேண்டாமா? யாரு செஞ்சதுன்னு கேப்பாரா? கேப்பாருதான். பெரிய மனுசன், நிதானமாத்தான் கேப்பாரு. அதான் பயமே.

என்ன சொன்னீக? அவுகதான் வயசைப் பெரிசா எடுக்கலையே, சொன்னா மன்னிச்சிருவாகன்னா?

அண்ணாச்சி, மன்னிக்கிறவுக முன்னாலதான் என்னால நிக்க முடியாது. திட்டுறவனைச் சமாளிச்சிருவேன்.

இதை எங்க வீட்டுக்காரிகிட்டக் கூடச் சொன்னதில்ல. சத்திரப்பட்டி வாத்தியார் வீட்டைச் சொன்னேன்ல. அவுக வேண்டாம்னு சொல்லல. பையனோட அப்பா எனக்குப் போன் பண்ணினாரு. "ஜோசியர் சொல்லிட்டாரு, பிள்ளைக்கு வயசு கூடத்தான். இருக்கட்டும். எம் மகனுக்கு உங்க பிள்ளையை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, முடிச்சிருவோம். நீங்க ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கலாம்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. குரலைக் கூட உயர்த்தல. அந்த ஒரு வார்த்தைக்கு, ஆயுசு பூரா அந்த ஆளு எதுத்தாப்ல உக்காந்து எப்படிச் சாப்பிடுறதுன்னு நெனச்சேன். தீவாளி, பொங்கல், பேரப்பிள்ளைக்குக் காது குத்து, எல்லாத்துக்கும் அந்த மூஞ்சியைப் பாக்கணுமே. "எம் மகளுக்கு இஷ்டமில்ல"ன்னு சொல்லிட்டேன். வீட்டுக்குள்ள போயிப் பல்லுன்னு சொன்னேன். அவளும் அந்தப் பையனை நெனச்சிருந்தா போல. நாலு நாள் சாப்பிடல.

அந்தப் பையனுக்கு வேற எடத்துல முடிஞ்சிருச்சு. ரெண்டு பிள்ளைகளாம்.

அனு கேட்டப்ப எல்லாத்துக்கும் பேசாம நின்னேன்ல, அவ எல்லாரும் வயசுக்காகத்தான் போனாகன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. அந்த நெனப்புலதான் எங்கூட ஒரே பஸ்லயாவது வர்றா.

பஸ் ஸ்டாண்டு வந்திருச்சு. அந்தா எந்திரிச்சுட்டா. படியில நின்னு பாக்குறா, நான் எந்திரிக்கிறேனான்னு. கால் மரத்துப் போச்சு அண்ணாச்சி, கொஞ்சம் கையைக் குடுங்க. என்ன? என்ன சொல்றா? கூட்டத்துல கேக்கலையே.

அப்பான்னா கூப்பிட்டா? உங்களுக்கும் அப்படித்தான் கேட்டுச்சா? "அப்பா, பாத்து இறங்குங்க"ன்னா?

இத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் கூப்பிடுறா. திருமேனிகிட்டச் சொல்லிருவேன், அது பரவாயில்ல, எப்படியாவது சொல்லித் தொலைச்சிருவேன். ஆனா அந்தச் சத்திரப்பட்டி விஷயத்தை இவகிட்ட நான் எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்?

வந்துட்டேன் தாயி. இந்தா வந்துட்டேன்.